நான் பெத்த முகம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு காலிதீனுக்கு மறைவான ஜனாஸாத் தொழுகை என்று பள்ளிவாசலில் முடிவாகியிருந்தது. இறந்தும் மையித்துக் கிடைக்காதவர்களுக்குத் தொழுவிக்கிற தொழுகை அது. அவன் கடலில் காணாமல் போய் ஒரு வருசமும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவன் டீவியில் வந்தான்.

அந்நேரம் அவன் மனைவி றாஹிலா சாய்ந்தமருதுக் கடற்கரையில் நெத்தலி அள்ளிக்கொண்டிருந்தாள். கச்சான் காற்றுக் காலம். காலையில் வலைத்துண்டில் பரப்பிய மீன் பின்னேர அஸர் தொழுகைக்குள் கலகலவென்று காய்ந்துவிடும். மீன்மேல் மீன் ஏறாமல் பரப்பவும், காகத்தை விரட்டவும், நேரத்துக்குப் புரட்டவும்தான் ஆள் வேண்டும். விடிந்ததிலிருந்து குனிந்தே நின்ற இடுப்பை அவள் நிமிர்த்தியபோது, பக்கத்து வீட்டு றஸ்னா மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது.

“ராத்தா! ஓடி வாங்க கா! காக்கா டீவியில நிக்காரு!”

“எந்தக் காக்கா?” றஸ்னாவுக்கு மூத்த ஆண்களெல்லாம் காக்காதான்.

“உங்கட மாப்பிள கா. காலிதீன் காக்கா. நான் பொய்யா சொல்றன்? என்ட ரெண்டு கண்ணால கண்ட.”

றஸ்னா இதில் விளையாடுகிறவள் அல்ல. காலிதீன் போன போட்டில்தான் அவளுடைய கணவன் அஸ்கியும் போனான்.

றஸ்னாவின் வீட்டு வாசற்படியைத் தாண்டாமல், மீன் செதில் ஒட்டிய கையோடு றாஹிலா நின்று பார்த்தாள். கொழும்பு ஆஸ்பத்திரி போல ஒரு பளபளத்த இடம். வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் குழாய் தொங்க, காலிதீன் நடந்து வந்தான். இடது புருவத்துக்கு மேலே வலைக்கயிறு அறுந்து அடித்த தழும்பு அப்படியே இருந்தது. முடி மட்டும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. பட்டுச் சேலை கட்டிய ஒருத்தியின் தோளைத் தொட்டு, “நிவேதா, நீ என்னை நம்ப வேண்டும்” என்றான்.

குரல் அவனுடையது. தமிழ் அவனுடையது அல்ல. ‘வேண்டும்’ என்ற சொல்லைக் காலிதீன் தன் ஆயுளில் உச்சரித்ததில்லை.

நாடகம் முடிந்ததும் எழுத்து ஓடியது. றாஹிலாவின் மகள் அஸ்பியா அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். பதினாலு வயது. அவள்தான் வாசித்தாள். “கதை, நடிகர்கள், காட்சிகள் அனைத்தும் செயற்கை நுண்ணறிவால் ஆனவை.” வாசித்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். “உம்மா, இதில ஆரும் நடிக்கல்ல. முழுக்க ஏஐ. மெசின்தான் கதையும் எழுதி, ஆளையும் செஞ்சி, கதைக்கவும் வெக்கிற.”

றாஹிலாவுக்கு அது எங்கிருந்து வந்ததென்று விளங்கிவிட்டது. கடலில் போவதற்கு ஏழு மாதம் முந்தி, எஞ்சின் சாமான் வாங்கப் போட்காரரோடு கொழும்புக்குப் போன காலிதீன் இரண்டு நாள் பிந்தி வந்தான். கையில் ஒரு புது மேசைக் காற்றாடி. முகம் படம் பிடிக்கக் கொடுத்தேன், அதற்குத் தந்தது என்றான். சோறு தின்னும்போது ஒரே சிரிப்பு. “நாலு பக்கமும் வெளிச்சம் கா. சிரி எண்டான், சிரிச்சன். கோவப்படு எண்டான், பட்டன். அழு எண்டான், அது மட்டும் வரல்ல. பிறகு, அஸ்பியாக்குச் சின்னதில இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினமே, அத நினைச்சன். பொலபொலண்டு வந்திட்டு.” என்னத்துக்கு என்று அவள் கேட்டாள். விளம்பரத்துக்காக இருக்கும் என்றான். அத்தோடு இருவரும் அதை மறந்துபோனார்கள்.

மாரி தொடங்கின கார்த்திகையில் மூன்று பேரோடு அந்த போட் போனது. ஐஸ் பெட்டியின் மூடி ஒன்று மட்டும் தெற்கே கோமாரி ஊர்க் கரையில் ஒதுங்கியது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, மற்ற இரண்டு பேருக்கும் மறைவான ஜனாஸா தொழுதார்கள். காலிதீனுடைய உம்மா பாத்துமுத்து மட்டும் பள்ளி வாசலில் குந்தி, “கண்ணால காணாத மௌத்த என்ட மகன்ட தலையில கட்டாதீங்க” என்று ஓலமிட்டாள். பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டார்கள். உண்மையில் றாஹிலாவுக்கும் அன்று அது ஆறுதலாகவே இருந்தது. இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம் என்று அவளும்தான் எண்ணினாள்.

கணவன் மௌத்தானவள் இருக்க வேண்டிய இத்தாவை றஸ்னா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள். றாஹிலா கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவளைப் பார்ப்பாள். முதல் மாதம் மெலிந்துபோயிருந்தவள் மூன்றாம் மாதம் முகம் தெளிந்திருந்தாள். முடிந்து வெளியே வந்த அன்று மரவெள்ளிக் கிழங்கு அவித்துத் தேங்காய்ச் சம்பலோடு தின்றுவிட்டு, “ராத்தா, இண்டைக்குத்தான் உப்பும் உறைப்பும் தெரியிது” என்றாள்.

அதிலிருந்துதான் றாஹிலாவுக்கு அந்த ஆசை பிடித்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வேறு கலியாணமோ, வெளிநாட்டுப் பயணமோ அவள் நினைப்பில் இல்லை. நாலு மாதமும் பத்து நாளும் ஒரு அறைக்குள் இருக்க வேண்டும். ‘ஏதும் சேதி வந்ததா’ என்று ஒருவரும் கேட்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, போன மனிசனுக்காக ஒரே மூச்சில் அழுது முடிக்க வேண்டும். மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை என்று மணலில் நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்துவிட்டது. ஜனாஸா தொழுதால்தான் இத்தா. பள்ளிக்கு ஆறு தடவை நடந்துதான் அந்த வெள்ளிக்கிழமையை வாங்கியிருந்தாள்.

புதன்கிழமை காலையிலேயே பாத்துமுத்து மருதமுனையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு பாயும் தலையணையும் வெற்றிலைப் பெட்டியும் கூடவே இறங்கின. மகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்ந்த பதினாறு வருசத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த இந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்காதவள் அவள்.

“டீவி எங்க கா வெச்சிரிக்கா?”

“மாமி, அது அவர் இல்ல. அவர்ர முகத்த எடுத்து மெசினால செஞ்சிரிக்கி.”

“முகம் வேற ஆள் வேறயா?” பாத்துமுத்து பாயை விரித்துச் சுவரோடு சாய்ந்தாள். “நான் பெத்த முகம் கா அது. பத்து மாசம் சுமந்து, மூணு நாள் நோக்காடு பட்டுப் பெத்த முகம். எனக்கிட்ட வந்து மெசின் செஞ்ச எண்டு சொல்றா. மெசினுக்குத் தெரியுமா அவன்ட புருவத்துக் காயம்?”

“தெரிஞ்சிதானே மாமி படம் புடிச்சிரிக்கான்.”

“ஓ. நீ வெள்ளிக்கிழமைக்கு நாள் குறிச்சிட்டு இரிக்கிறவ. உனக்கு அப்பிடித்தான் தெரியும்.”

றாஹிலா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை பள்ளிவாசல் தலைவர் ஆளனுப்பினார். நம்பிக்கையாளர் சபை அறைக்கு வெளியே, சாளரத்தின் இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள்.

“தங்கச்சி, நாங்க என்ன செய்யிற?” என்றார் தலைவர். “நேத்துப் பின்னேரம் ஊரே கண்டிரிக்கி. ஊர் கண்ட ஆளுக்கு எப்பிடி மறைவான ஜனாஸா தொழுவிக்கிற? நாளைக்குச் சின்னப் புள்ளயளும் சிரிக்கும்.”

“அது உருவம்தானே ஹாஜியார். என்ட மகளுக்கே வெளங்குது.”

மௌலவி இளம் வயதுக்காரர், இரக்கமுள்ளவர். குனிந்தபடியே சொன்னார். “உருவம் ஹயாத்துக்கு, உசிரோட இரிக்கிறதுக்கு, அத்தாட்சி இல்ல, அது மெய்தான். ஆனா உம்மாக்காரி சந்தேகம் எண்டு எழுந்து நிக்கா. நாளைக்கு வேணாம். நீங்க அந்தக் கம்பனியில ஒரு கடிதம் எடுத்துத் தாங்க. நாங்க செய்வம்.”

நாடகத்தின் முடிவில் வருகிற இலக்கத்துக்கு அஸ்பியா போன் எடுத்தாள். ஒரு பெண் குரல், தேன் வடிய வடியக் கதைத்தது. “வணக்கம் அம்மா. உங்கள் மனவேதனை எங்களுக்குப் புரிகிறது.” றாஹிலா அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னாள். போட் போனது, ஐஸ் பெட்டி மூடி, மாமி, பள்ளி, எல்லாவற்றையும். அரை மணித்தியாலம் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். சொந்தத் தங்கச்சிகூட இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்று றாஹிலாவுக்குத் தோன்றியது. மறுநாள் எடுத்தபோதும் அதே குரல், அதே சொல். மூன்றாம் நாள் அஸ்பியா போனை மெல்ல வாங்கி வைத்தாள்.

“உம்மா, இதுவும் ஆள் இல்ல.”

றாஹிலாவுக்கு அழுதது வெட்கமாக இருந்தது.

பிறகு மகளைக் கொண்டு எழுதிப் போட்டாள். ஐந்து கிழமையில் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தின் பிரதியும் அதில் இருந்தது. அடியில் காலிதீனின் கோணல் கையெழுத்து. குறித்த நபரின் முகம், குரல், அசைவு ஆகியவற்றைப் பதினைந்து வருடங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அந்நபரின் மரணம் இவ்வுரிமையைப் பாதிக்காது. தொடரின் எந்தக் காட்சியிலும் அவர் நேரில் பங்கேற்கவில்லை.

அதைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு றாஹிலா பள்ளிக்குப் போனாள். பின்னாலேயே பாத்துமுத்துவும் போனாள். தலைவர் கடிதத்தை வாய்விட்டு வாசித்து முடித்தார்.

“அதில என்ட மகன் மௌத்தெண்டு எழுதியிரிக்கா?” என்றாள் பாத்துமுத்து.

தலைவர் மறுபடி பார்த்தார். “நேரில பங்கேற்கல்ல எண்டிரிக்கி.”

“நான் கேட்டத்துக்குச் சொல்லுங்க ஹாஜியார். மௌத்தெண்டு எழுதியிரிக்கா, இல்லயா?”

“இல்ல.”

“அப்ப சரி.”

மாரி முடியட்டும், ஆறுதலாகப் பேசுவோம் என்று முடிந்தது.

ஊரும் அவளை விடவில்லை. கருவாட்டு வியாபாரி தராசைப் பிடித்துக்கொண்டே, “புருசன் டொக்டராகிட்டாரு, நீங்க இன்னும் நெத்தலி காயப்போடுறீங்களா?” என்று சிரித்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். நேற்று அவர் நிவேதாவை அடித்தது சரியில்லை என்று ஒருத்தி அவளிடம் முறையிட்டாள். றாஹிலாவோ, அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை என்றாள். சொன்ன பிறகுதான், இல்லாத ஒன்றுக்காக வாதாடுகிறேனே என்று உறைத்தது.

வீட்டில் ஐந்தரைக்கு டீவி போட்டாக வேண்டும். மீனை அள்ளி, உப்புத் தண்ணியில் ஊறி வெடித்த கையோடு அவள் வரும்போது, மாமியாரும் மகளும் பாயில் குந்தியிருப்பார்கள். தேநீரும் சுட்ட பிலாக்கொட்டையும் நடுவில் இருக்கும். அவள் குசினிக்குள் புகுந்துவிடுவாள். ஆனால் குரலுக்குக் கதவு ஏது? ஒருநாள் டொக்டர் அழும் சத்தம் கேட்டு அவளை அறியாமல் வெளியே வந்துவிட்டாள். நிவேதா வீட்டை விட்டுப் போனதற்காக அவன் பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தான். அது அஸ்பியாவின் இழுப்புக்காக அழுத அழுகை. பிள்ளைக்காக வந்த கண்ணீரை எவளோ ஒருத்திக்காக வடிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருந்து, ஒன்றும் அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். றாஹிலா கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள்.

ஐப்பசிக் கடைசியில் முதல் மழை விழுந்தது. கடல் கறுத்தது. காயாத மீனைப் படங்கு போட்டு மூடி மூடி எடுத்து, இரண்டு கூடை புழுத்துப் போனது. அந்தக் கிழமைதான் நாடகத்தில் டொக்டரின் கார் ஒரு பாலத்தில் மோதியது. மூக்கில் குழாயோடு அவன் கிடந்தான். திரையில் எழுத்து வந்தது. அவர் பிழைக்க வேண்டுமா, இறக்க வேண்டுமா? உங்கள் தெரிவை நாளை நண்பகலுக்குள் அனுப்புங்கள்.

“ஆக்கள் எத அமத்துறாங்களோ, மெசின் அதச் செஞ்சி பின்னேரம் போடும்,” என்று அஸ்பியா வாப்பும்மா பாத்துமுத்துவுக்கு விளங்கப்படுத்தினாள்.

“அமத்து புள்ள. பிழைக்கணும் எண்டு அமத்து. வாப்பும்மாக்காக ரெண்டு தரம் அமத்து.”

“ஒரு போனுக்கு ஒருதரம்தான் வாப்பும்மா.”

மறுநாள் காலை, படங்கின் கீழ் தூறலில் குந்தியிருந்து றாஹிலா தன் போனை எடுத்தாள். கையைச் சட்டையில் இரண்டு தரம் துடைத்தாள். திரையில் காலிதீனின் கண் மூடிய முகம். கீழே இரண்டு பெட்டி. திரையிலாவது அவன் மௌத்தானால் மாமியின் பிடி தளரும். பள்ளிக்கும் வாய் வரும். ‘இறக்க வேண்டும்’ என்பதை அவள் அமத்தினாள்.

“றஸ்னா, உன்ட போனைத் தா.”

றஸ்னா விசயம் விளங்கி வாயைப் பொத்தினாள். ஆனாலும் கொடுத்தாள். அதிலும் அமத்தினாள். பிறகு பக்கத்துப் படங்கில் இருந்த ஒரு வயதான பெண்ணிடம் போனாள்.

“மாமி, உங்கட போன்ல ஒருக்கா அமத்திவிடுங்க. இதில. கீழ இரிக்கிறதில.”

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கி வாசித்தாள். வாசித்துவிட்டு றாஹிலாவைப் பார்த்தாள். “அஸ்தஃபிருல்லாஹ். பெத்த புள்ளட வாப்பாவ மௌத்தாகணும் எண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரியிறியா கா?”

றாஹிலா திரும்பி வந்து மீன் புரட்டினாள். அதற்குப் பிறகு ஒருவரிடமும் கேட்கவில்லை.

பின்னேரம் முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் பிழைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்கைக்குள் யாரோ வெடி கொளுத்தினார்கள். நம்மட ஊர்ப் பிள்ளை அல்லவா. றாஹிலாவும் அன்று முன்னறைக்கு வந்து நின்றாள். டொக்டர் மெல்லக் கண் திறந்தான். நிவேதா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அவளை அடையாளம் தெரியாதவன்போலப் பார்த்தான். பிறகு நேரே இந்தப் பக்கம் திரும்பினான்.

“நான் டொக்டர் இல்ல. நான் கடலுக்குப் போன. போட் கவுண்டிட்டு. மூடியொண்டப் புடிச்சிட்டுக் கிடந்தன். உம்மா... என்ட உம்மா சாய்ந்தமருதில பாத்திட்டிரிப்பா. பயப்படாதீங்க உம்மா, நான் இரிக்கன்.”

இந்தத் தடவை தமிழும் அவனுடையதாகவே இருந்தது. ‘இரிக்கன்’ என்று அந்தக் கடைசி எழுத்தை மூக்கால் இழுக்கிற இழுப்புக்கூட.

“ஓம் மகன்,” என்றாள் பாத்துமுத்து. டீவிக்குக் கிட்டப் போய், இரண்டு கையாலும் அதன் பக்கங்களைப் பிடித்துக்கொண்டாள். “ஓம் மகன். இரி. இரி.”

மூடியைப் பற்றி றாஹிலாவே போனில் சொல்லியிருந்தாள். இந்தப் பேச்சை இவர்களுக்கு யார் கொடுத்தது?

திரும்பிப் பார்த்தாள். அஸ்பியா சுவரோடு ஒட்டி, பர்தாத் தலைப்பைக் கடித்தபடி விம்மிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் உம்மா எழுதின. ஒவ்வொரு நாளும் கீழ கருத்துப் போடுற இடத்தில எழுதின. இது என்ட வாப்பா, போட் கவுண்டது, ஐஸ் பெட்டி மூடி கிடைச்சது, வாப்பும்மா பாத்திட்டிரிக்கா எண்டு. வாப்பாட பழைய வொய்ஸ் மெசேஜும் போட்டன். ஆராவது வாசிச்சிட்டு நிப்பாட்டுவாங்க எண்டுதான் முதல் எழுதின.”

“பிறகு?”

பிள்ளை டீவியைப் பார்த்தாள். வாப்பா தன்னோடு கதைக்க வேண்டும் என்பது அவள் முகத்திலேயே இருந்தது. மெசின் எல்லாவற்றையும் வாசித்திருந்தது. அடுத்த கிழமையிலிருந்து அவன் ஊர் தேடிப் புறப்படுவான் என்று திரையில் ஓடியது.

றாஹிலா மகளை இழுத்து மார்போடு அணைத்தாள். அடிக்கவும் தோன்றவில்லை, ஏசவும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள்கூட அழுது முடிக்கக் கிடைக்கவில்லையே என்று மட்டும் நினைத்தாள்.

அடுத்த கிழமை வெள்ளியன்று விடியச் சுபஹுத் தொழுத கையோடு அவள் பள்ளிக்குப் போய், மௌலவி வெளியே வரும்வரை நின்றாள்.

“நீங்க ஜனாஸா தொழாட்டியும் பறவால்ல மௌலவி. நான் இண்டைக்கு இத்தாக்குப் போறன்.”

“ராத்தா, தீர்ப்பில்லாம இருந்தா இத்தா கூடாது. அது எண்ணிக்கையில சேராது.”

“உங்கட எண்ணிக்கையில சேராட்டிப் போகட்டும். மாரிக்கு மீன் காயாது. எனக்கு இந்த நாலு மாசம்தான் இரிக்கி.”

அவள் வீடு திரும்பினாள்.

வலைத்துண்டுகளையும் கூடைகளையும் றஸ்னாவிடம் கொடுத்தாள். வெள்ளைச் சேலை ஒன்று றஸ்னாவின் பெட்டியிலிருந்தே வந்தது. அவள் இத்தா முடித்து மடித்து வைத்தது. பின்னறைச் சாளரத்துக்குப் படங்குத் துண்டை ஆணியடித்து மறைத்தார்கள். வளையலைக் கழற்றும்போது பாத்துமுத்து வாசலில் வந்து நின்றாள்.

“ஹயாத்தோட இரிக்கிற மாப்பிளைக்கு இத்தா இரிக்கிறவள உலகத்தில நான் கண்டதில்ல கா.”

றாஹிலா கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே மழை ஊற்றியது. மதியம் ழுஹர் தொழுதாள். அஸ்பியா தட்டில் சோறும் பருப்பும் பொரித்த கருவாடும் வைத்துவிட்டுப் போனாள். கேட்க ஆளில்லாத அறை, அவள் ஆசைப்பட்ட அதே அறை. அழலாம் என்று குந்தினாள். அழுகை வரவில்லை. வரும், நாள் இருக்கிறது என்று தஸ்பீஹ் மணியை உருட்டினாள். அஸரும் போனது.

ஐந்தரைக்கு முன்னறையில் டீவி போடும் சத்தம் கேட்டது. முதலில் பாட்டு. பிறகு அவன் குரல், கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவதென்று யாரிடமோ விசாரித்தது. ஒற்றைக் கல் சுவர், ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல விழுந்தது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கையை எடுத்தபோது சத்தம் அடங்கியிருந்தது. மாமியின் குரல் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் குறை புள்ள. உள்ளுக்கு உம்மா இத்தா இரிக்கா.”

இத்தா என்றாள். அந்தச் சொல்லை மாமி தன் வாயாலேயே சொன்னாள். றாஹிலாவுக்குள் இத்தனை நாளாக இறுகியிருந்த ஏதோ ஒன்று இளகுவதுபோல இருந்தது. இப்போது அவன் குரல் வெறும் முணுமுணுப்பு. மழை இரைச்சலோடு கலந்து, சொல் பிரியாமல் வந்தது. ஏதோ கேட்கிறான். யாரோ பதில் சொல்கிறார்கள். மறுபடி கேட்கிறான். உம்மாவைப் பற்றியா? வேறு யாரையும் பற்றியா?

தஸ்பீஹ் பாதியில் நின்றது. அவள் எழுந்து, வெள்ளைச் சேலை காலில் தடக்க, சுவரோரம் போய்க் காதை ஒட்டி வைத்தாள்.